இனம், கலப்பு, விகாரம்: கற்பனை ஆட்டத்தின் விதிப்புத்தகம் உயிர்களை எப்படிப் பிரிக்கிறது

ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக இருந்து, பகடை உருட்டி மேசையில் ஆடும் கதையாட்டம் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 2024 செப்டம்பரில் வெளிவந்த அதன் ஆட்டக்காரர் கையேட்டைத் திறக்கும் பழைய ஆட்டக்காரர்கள் முதலில் கவனிப்பது ஒரு சொல் காணாமல் போயிருப்பதைத்தான். எல்ஃப் (கூர்க்காது கொண்டோர்), டுவார்ஃப் (குள்ளர்), ஹாஃப்லிங் (அவர்களைவிடச் சிறியோர்) போன்றோரைக் குறிக்கப் பல பதிப்புகளாக வழங்கிவந்த ‘ரேஸ்’ (மக்களினம்) என்ற சொல் எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் ‘ஸ்பீஷீஸ்’ (உயிரினம்) வைக்கப்பட்டிருக்கிறது. அதைவிடக் குழப்பம் தருவது இன்னொன்று: 2014 கையேட்டில் தனித்தனிப் பகுதிகள் பெற்றிருந்த ஹாஃப் எல்ஃப் (பாதி எல்ஃப், பாதி மனிதர்), ஹாஃப் ஓர்க் (பாதி மனிதர், பாதி ஓர்க் எனும் முரட்டு உருவினர்) ஆகிய இரு கலப்புப் பிறப்புகளும் புதிய பட்டியலில் இல்லை.

இதையொட்டி எழும் கேள்விகள் பல. எல்ஃபும் மனிதரும் வெவ்வேறு ஸ்பீஷீஸ் என்றால் அவர்களுக்குப் பிள்ளை பிறப்பது எப்படி? சாபத்தால் கொம்பு முளைத்த மனிதர் இன்னும் மனிதர்தானா? ஓநாய் மனிதனாகவே பிறந்தவனும், கடிபட்டு ஓநாய் மனிதனாக மாறியவனும் ஒரே கூட்டமா? இவற்றுக்கு உயிரியலில் விடை தேடுவோர் விரைவில் களைத்துப்போவார்கள். விதிப்புத்தகத்தில் இனத்தையும் விகாரத்தையும் பிரிக்கும் கோடு மரபணுவில் இல்லை. ஒரு பண்பு பாத்திரத் தாளில் (ஆட்டக்காரர் தன் பாத்திரத்தின் விவரங்களை எழுதிவைக்கும் தாள்) எப்போது ஏறியது, ஏறும்போது எதை அழித்தது, இனி அதை அழிக்க முடியுமா ஆகிய மூன்று கேள்விகளே அந்தக் கோட்டை வரைகின்றன. இந்தக் கட்டுரை அதைப் படிப்படியாக விளக்குகிறது.

முதலில் சொற்கள்

உயிரியலில் ஸ்பீஷீஸ் என்பதற்கு வரையறைகள் பல உண்டு. அதிகம் புழங்குவது 1942இல் எர்ன்ஸ்ட் மேயர் முன்வைத்தது: தமக்குள் இனப்பெருக்கம் செய்துகொள்ளக்கூடியதாகவும், பிற கூட்டங்களிலிருந்து இனப்பெருக்கத்தில் பிரிந்து நிற்பதாகவும் உள்ள உயிர்க்கூட்டமே ஒரு ஸ்பீஷீஸ். குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. இரண்டும் சேர்ந்து பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. பாரம் சுமக்க அதைப் போல வேறொன்று இல்லை; ஆனால் அதற்குக் குட்டி பிறப்பது அரிதினும் அரிது. ஆகவே குதிரையும் கழுதையும் இரு வேறு ஸ்பீஷீஸ்.

மியூட்டேஷன் என்பது மரபணுப் பொருளில் நிகழும் மாற்றம். ஹ்யூகோ டி விரிஸ் 1901இல் இந்தச் சொல்லைப் பரப்பியபோது அவர் கண்முன் இருந்தது அந்திமல்லியைப் போல மாலையில் பூக்கும் ஒரு செடி. அதன் நாற்றுகளில் சில, தாய்ச்செடியிலிருந்து சட்டென்று வேறுபட்டு முளைத்தன. இங்கே ஒரு வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும். தோலின் உயிரணுவில் நேரும் மாற்றம் அந்த உடலோடு முடிந்துவிடும். முட்டையிலோ விந்தணுவிலோ நேரும் மாற்றம் மட்டுமே பிள்ளைக்குப் போகும். ஆட்ட விதிகள் பெரும்பாலும் கேட்க மறக்கும் கேள்வி இதுவே.

தமிழ் வாசகருக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. ‘இனம்’ என்ற ஒரே சொல் நமக்கு ரேஸுக்கும் பயன்படுகிறது, ஸ்பீஷீஸுக்கும் பயன்படுகிறது. எனவே ஆங்கிலத்தில் பெரிய விவாதமாக நடந்த பெயர்மாற்றம் தமிழில் எழுதினால் மாற்றமாகவே தெரியாது. பாடநூல்களும் ஒத்துப்போவதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஜீனஸைப் பேரினம் என்றும் ஸ்பீஷீஸைச் சிற்றினம் என்றும் சொல்ல, இலங்கைப் பாடநூல்கள் முறையே சாதி என்றும் இனம் என்றும் சொல்கின்றன. (‘ஒரே சாதியைச் சேர்ந்த இரண்டு இனங்கள்’ என்பது அங்கே ஒரு சாதாரண உயிரியல் வாக்கியம்.) மியூட்டேஷன் தமிழ்நாட்டில் சடுதிமாற்றம், இலங்கையில் விகாரம்.

இந்தக் கட்டுரையில் ஸ்பீஷீஸுக்கு இனம் என்றும், மியூட்டேஷனுக்கு விகாரம் என்றும் எழுதுகிறேன். இரண்டாவது தேர்வுக்குக் காரணம் உண்டு. அன்றாடப் பேச்சில் விகாரம் அவலட்சணத்தைக் குறித்தாலும், புணர்ச்சி இலக்கணத்தில் அது வெறும் மாற்றம்; அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும். வாழைப்பழத்தில் ‘ப்’ தோன்றுகிறது, பொற்குடத்தில் ‘ன்’ ‘ற்’ ஆகத் திரிகிறது, மரவேரில் ‘ம்’ கெடுகிறது. ஆட்டத்தில் ஒரு பாத்திரத்தின் உடலுக்கு நேர்வதும் இந்த மூன்றில் ஒன்றுதான்: கொம்பு தோன்றும், கால் விலங்குக் காலாகத் திரியும், கண் பார்வை கெடும். சடுதிமாற்றம் என்ற சொல் வேகத்தை மட்டுமே சொல்கிறது. விகாரம் வகையையும் சொல்கிறது.

ஆட்டத்தில் இனம் என்பது ஒரு மூட்டை

பாத்திரத்தை உருவாக்கும் ஆட்டக்காரர் ‘டுவார்ஃப்’ என்று எழுதும்போது ஒரு பெயரை மட்டும் எழுதுவதில்லை. ஒரு மூட்டை விதிகளை வாங்கிக்கொள்கிறார். அந்த மூட்டைக்குள் இருப்பவை, அல்லது ஏதாவதொரு காலத்தில் இருந்தவை, இவை:

1. உடல்: உருவ அளவு, நடை வேகம், இருட்டில் பார்க்கும் திறன், நஞ்சைத் தாங்கும் வலு.

2. பிறவி ஆற்றல்: டிராகன் வழிவந்த டிராகன்பார்ன் மூச்சில் நெருப்பைக் கக்குவது போன்றவை.

3. உயிர்வகை: ஆட்டத்தின் மொத்த உயிர்களையும் அசையும் பொருள்களையும் பிரிக்கும் 14 பெரும்பிரிவுகளில் ஒன்று. மனிதனைப் போன்றோர் ஒரு வகை, விலங்கு ஒரு வகை, செத்தும் நடமாடுவோர் ஒரு வகை, செய்யப்பட்ட பொம்மைகள் ஒரு வகை என இந்தப் பிரிவினை போகும்.

4. திறன் எண்களில் கூட்டல் கழித்தல்: பலம், அறிவு, வசீகரம் போன்றவற்றில் இனத்துக்கு இனம் வரும் வேறுபாடு.

5. வளர்ப்பு: பேசும் மொழி, பழகிய ஆயுதம்.

முதல் மூன்றிலும் பெரிய சச்சரவு இல்லை. கடைசி இரண்டில்தான் ஐம்பது ஆண்டுச் சண்டை.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் எழுதிய முதல் பதிப்பில் மனிதரல்லாதோருக்கு உச்சவரம்பு இருந்தது: டுவார்ஃப் போர்வீரன் 6ஆம் நிலைக்கு (நிலை என்பது அனுபவத்தால் ஏறும் படி) மேல் ஏற முடியாது, எல்ஃப் போர்வீரனாக 4ஆம் நிலை வரை, மந்திரவாதியாக 8ஆம் நிலை வரை மட்டுமே. 1981இன் தொடக்கநிலைப் பெட்டி இன்னும் ஒரு படி போய், இனத்தையே தொழிலாக்கியது. மனிதன் வீரனாகவோ திருடனாகவோ இருக்கலாம், எல்ஃபின் தொழிலோ ‘எல்ஃப்’ மட்டுமே. 2000இன் மூன்றாம் பதிப்பில் வரம்புகள் போயின, ஆனால் கழித்தல்கள் நீடித்தன: ஹாஃப் ஓர்க்கிற்குப் பலம் 2 கூடும், அறிவும் வசீகரமும் 2 வீதம் குறையும். பிறப்பால் அறிவு குறைந்த கூட்டம் ஒன்றை எண்ணாக எழுதிவைத்த விதி இது. ‘ரேஸ்’ என்ற சொல்லின் கீழ் இதைப் படிக்கும் கறுப்பின ஆட்டக்காரருக்கு என்ன தோன்றும் என்பதை விளக்கத் தேவையில்லை. சாதி தெரிந்த நாட்டு வாசகருக்கு அறவே தேவையில்லை.

ஐந்தாவது அம்சம் அவ்வளவு வெளிப்படையாக உறுத்தாது என்றாலும் தர்க்கத்தில் அதைவிட மோசமானது. 2014 கையேட்டின்படி எந்த டுவார்ஃபுக்கும் போர்க்கோடரி, கைக்கோடரி, சிறு சுத்தியல், போர்ச்சுத்தியல் ஆகிய நான்கும் கைவந்தவை. பிறந்த அன்றே கடலோர மனிதக் கிராமமொன்றில் விடப்பட்டு, வலை பின்னுவதைத் தவிர வேறெதுவும் கற்காமல் வளர்ந்த டுவார்ஃபுக்கும் கைவந்தவை. வளர்ப்பால் வருவதைப் பிறப்பின் கணக்கில் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

2020 ஜூன் மாதம் ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், ஓர்க்குகளையும் டிரௌ எனும் கருநிற எல்ஃபுகளையும் பிறவித் தீயோராகச் சித்தரிப்பதை விட்டு விலகுவதாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த துணைநூல், இனத்தின் திறன் கூட்டல்களை ஆட்டக்காரர் விரும்பிய இடத்துக்கு மாற்றிக்கொள்ள அனுமதித்தது. 2022 டிசம்பரில் ‘ரேஸ்’ போய் ‘ஸ்பீஷீஸ்’ வரும் என்ற அறிவிப்பு. 2024இல் திறன் கூட்டல் முழுவதும் இனத்திலிருந்து பிரிக்கப்பட்டு, பாத்திரத்தின் முன்வாழ்வுக்கு, அதாவது அவர் கோயில் பணியாளராக வளர்ந்தாரா, உழவராக வளர்ந்தாரா என்பதற்கு, மாற்றப்பட்டது. டுவார்ஃபின் கோடரிப் பழக்கமும் போயிற்று. இருட்டுப் பார்வை, நஞ்சு தாங்கும் வலு, கல்லைத் தொட்டு அதிர்வை உணரும் ஆற்றல் போன்றவை தங்கின.

வரிசையைக் கவனித்தால் விடை தெரியும். முதலில் காலியானது மூட்டை. பெயர்ப்பலகை பிறகே மாறியது. சொல் மாற்றத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வாதிடும் இரு தரப்பினரும் இதைத் தவறவிடுகிறார்கள்.

பாதி எல்ஃப் எங்கே போனார்

பலகையில் எழுதிய புதுச் சொல் தன் பங்குக்கு ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. ரேஸ் என்ற சொல் கலப்பைத் தாங்கும். அது என்றுமே துல்லியமாக இருந்ததில்லை. ஸ்பீஷீஸ் தாங்காது. மேயரின் வரையறையை எல்ஃப் மேல் வைத்துப் பாருங்கள். எல்ஃபுக்கும் மனிதருக்கும் பிள்ளை பிறக்கிறது. அந்தப் பிள்ளை மலடு என்று எந்தப் பதிப்பும் சொல்லவில்லை. ஹாஃப் எல்ஃபுகள் தலைமுறையாக வாழும் ஊர்கள் ஆட்ட உலகங்களில் உண்டு. அப்படியானால் உயிரியல் கணக்கில் எல்ஃபும் மனிதரும் ஒரே ஸ்பீஷீஸ். ஓர்க்கும் மனிதரும் அப்படியே. ஆக மூவரும் ஒன்று. புதிய சொல்லை நேர்மையாகப் பின்பற்றினால் பட்டியலின் பாதி சுருங்கிவிடும்.

இதற்கு ஆட்டங்கள் கண்டுள்ள வழிகள் மூன்று.

1. கலப்பைத் தோற்றமாக்குவது. 2022 ஆகஸ்டில் சோதனைக்கு விடப்பட்ட வரைவு விதி, பெற்றோரில் ஒருவரின் இனத்தைத் தேர்ந்து அதன் பண்புகள் முழுவதையும் எடுத்துக்கொள்ளவும், உருவத்தை மட்டும் இருவரிடமிருந்தும் கலந்துகொள்ளவும் சொன்னது. 2024 கையேட்டில் ஹாஃப் எல்ஃப் இல்லை. பழைய நூலிலிருந்து அவரை எடுத்துவரத் தடையும் இல்லை. கணக்கு எளிது. ஆனால் இரு வீட்டிலும் முழுதாகச் சேராதவர் என்பதே ஹாஃப் எல்ஃபின் கதை. விதி அவரை ஒரு வீட்டில் முழுதாகச் சேர்த்துவிடுகிறது.

2. கலப்பை இரண்டாம் அடுக்காக்குவது. ‘பாத்ஃபைண்டர்’ ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு 2019இலேயே ரேஸைக் கைவிட்டு ‘ஆன்செஸ்ட்ரி’, அதாவது வமிசம், என்று எழுதியது. அதன்கீழ் ‘ஹெரிடேஜ்’ என்ற இன்னொரு வரியைச் சேர்த்தது. ஹாஃப் எல்ஃபும் ஹாஃப் ஓர்க்கும் அந்த இரண்டாம் வரியில் வந்தார்கள். 2020 முதல், எந்த வமிசத்தோடும் ஒட்டும் பொதுவான ஹெரிடேஜ்களும் வந்தன. காட்டேரித் தந்தைக்குப் பிறந்த ஹாஃப்லிங், காட்டேரித் தந்தைக்குப் பிறந்த கோப்ளின் இரண்டுக்கும் முதல் வரி வேறு, இரண்டாம் வரி ஒன்று.

3. எல்லோரையும் ஒரே இனமாக்குவது. 1989இல் வந்த ‘ஷேடோரன்’ எதிர்காலப் பூமியில் நடக்கிறது. அங்கே எல்ஃபின் அறிவியல் பெயர் ஹோமோ சேப்பியன்ஸ் நோபிலிஸ், ஓர்க்கின் பெயர் ஹோமோ சேப்பியன்ஸ் ரோபஸ்டஸ். எல்லோரும் மனித இனத்தின் துணையினங்கள். கலப்பு மணம் தடையின்றி நடக்கும், பிள்ளையோ இரண்டும்கெட்டானாகப் பிறக்காமல் ஏதாவதொரு வகையில் முழுமையாகப் பிறக்கும்.

என் கணிப்பில் இரண்டாவது வழியே சிறந்தது. அது உயிரியலுக்கு எந்த வாக்குறுதியும் தரவில்லை. வமிசம் என்ற சொல் யார் வீட்டுப் பிள்ளை என்று மட்டுமே கேட்கிறது. மூன்றாவது அழகானது, ஆனால் நம் பூமி இல்லாத உலகங்களுக்கு ஒத்துவராது.

விகாரம்: ஆட்டம் தொடங்கிய பிறகு வருவது

கற்பனை ஆட்டங்களில் விகாரத்துக்கு இரண்டு தாய்வழிகள். ஒன்று அறிவியல் புனைவு: 1978இல் வந்த ‘காமா வேர்ல்ட்’, அணுப்பேரழிவுக்குப் பிந்தைய உலகில் பகடையை உருட்டிப் பட்டியலிலிருந்து விகாரங்களைப் பெறும் ஆட்டம். மற்றொன்று சாபமும் தீய மந்திரமும் உடலைச் சிதைக்கும் வழி. இதன் முழு வடிவம் 1986இல் தொடங்கிய ‘வார்ஹேமர்’ கற்பனை ஆட்டத்தில் உள்ளது. அதன் 2018ஆம் ஆண்டு நான்காம் பதிப்பு ‘ஸ்பீஷீஸ்’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறது என்பதாலும், இனமும் விகாரமும் அதில் நேருக்கு நேர் மோதுவதாலும், அதைச் சற்று அருகில் போய்ப் பார்ப்பது பயன்தரும்.

மனிதப் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: தாங்குவலு 34, மனவலு 31. இரண்டின் பத்தாம் இட எண்களும் 3, 3, கூட்டினால் 6. தீய சக்தியோடு ஒவ்வொரு முறை உரசும்போதும் அவர் தாளில் கறைப்புள்ளிகள் ஏறும். ஆறு வரை தாங்குவார். ஏழாவது புள்ளி ஏறியதும் நூறு முகப் பகடை உருள வேண்டும். தாங்கும் சோதனையில் தோற்றால் மூன்று புள்ளிகள் கழிந்து, அவற்றுக்கு விலையாக ஒரு விகாரம் வரும். அது உடலுக்கா மனத்துக்கா என்பதை இன்னொரு உருட்டல் முடிவு செய்யும். அந்த உருட்டல்தான் இங்கே முக்கியம்: மனிதருக்கு நூற்றுக்கு 50 உடலில் வரும், ஹாஃப்லிங்குக்கு 10, டுவார்ஃபுக்கு 5, எல்ஃபுக்கு உடலில் வரவே வராது, மொத்தமும் மனத்தில் இறங்கும். டுவார்ஃபுக்குப் பெரும்பாலும் கொம்பு முளைப்பதில்லை. அதற்குப் பதில் மூளை கெடுகிறது.

உடல் விகாரங்கள் தாங்குவலுவின் பத்தாம் இட எண்ணைத் தாண்டினால், அல்லது மன விகாரங்கள் மனவலுவின் பத்தாம் இட எண்ணைத் தாண்டினால், அந்தப் பாத்திரம் ஆட்டக்காரரின் கையை விட்டுப் போய்விடும். நம் உதாரண மனிதருக்கு நான்காவது கொம்போ வாலோ முளைக்கும் கணம் அது.

இதிலிருந்து ஒரு வரையறை கிடைக்கிறது. இனம் என்பது ஒரு பாத்திரம் எந்த விகாரத்தை, எவ்வளவு, எங்கே ஏற்கும் என்று தீர்மானிக்கும் கலம். விகாரம் அந்தக் கலத்தில் ஊற்றப்படுவது. கலம் நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லும் விதியே முழுமையான விதி. வார்ஹேமர் அதைச் சொல்கிறது; பல ஆட்டங்கள் சொல்வதில்லை.

நிரலாகப் பார்த்தால் இன்னும் தெளிவு

மேசை ஆட்டத்தில் விதி மங்கலாக இருந்தால் ஆட்டத்தை நடத்துபவர் சமாளித்துவிடுவார். கணினிக்கு அந்தச் சலுகை இல்லை. லின்லி ஹென்செல் 1997இல் வெளியிட்ட ‘கிரால்’ என்ற பாதாள ஆட்டத்தின் வழிவந்ததும், 2006 முதல் தன்னார்வலர்களால் வளர்க்கப்படுவதுமான ‘டன்ஜன் கிரால் ஸ்டோன் சூப்’பின் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்திருக்கிறது. அதில் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு சிறு கோப்பு. அந்தக் கோப்பின் ஒரு முக்கியப் பகுதி, அந்த இனம் எந்த நிலையில் எந்த விகாரத்தைப் பெறுகிறது என்ற பட்டியல்.

அதாவது இனத்தின் உடற்பண்புகளும் விகாரங்களாகவே எழுதப்பட்டுள்ளன. எருதுத் தலை கொண்ட மினோடாரின் கொம்பு, சபிக்கப்பட்ட மனிதனுக்கு முளைக்கும் அதே கொம்புதான். அதே விகாரத்தின் இரண்டாம் படி. அந்தப் படியில் இரும்புத் தலைக்கவசம் அணிய முடியாது, துணித்தொப்பி அணியலாம். மூன்றாம் படியில் தொப்பியும் இல்லை. பிறவிக் கொம்புக்கும் வந்தேறிக் கொம்புக்கும் நிரலில் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்று: பிறவியாக வந்தது என்ற அடையாளக்குறி. அந்தக் குறி உள்ளதை விகாரம் நீக்கும் எந்தச் சக்தியும் தொடாது. மருந்துக்குப்பி ஒன்றைக் குடித்து விகாரங்களைக் கலைத்துப்போட்டாலும் மினோடாரின் கொம்பு அசையாது.

இந்த ஆட்டத்தில் டீமன்ஸ்பான், அதாவது பேய்வழிப் பிறந்தோர், என்றொரு இனம் உண்டு. அனுபவம் ஏற ஏற அதன் உடலில் புதுப்புது விகாரங்கள் வெளிப்படும். ஆட்டம் தொடங்கிய பின் வருகின்றன. ஆயினும் பிறவிக்குறி பெற்றவை, நீக்க முடியாதவை. மறுபுறம் மம்மிக்கு விகாரமே ஏற்படாது: செத்த உடல் திரிவதில்லை. ஆகவே ‘எப்போது வந்தது’ என்ற கேள்வி மட்டும் போதாது. ‘நீங்குமா’ என்ற கேள்வியும் வேண்டும்.

வரையறை தவறினால் எங்கே இடிக்கும்

1. மந்திரத்தின் குறி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஆளை அசையவிடாமல் நிறுத்தும் ‘ஹோல்ட் பெர்சன்’ மந்திரம் மனிதவகை உயிர்களை மட்டுமே பிடிக்கும். தேவதை வகையில் சேரும் சாட்டிர் அல்லது ஃபேரியை ஆடுபவருக்கு அது பலிக்காது. தாளில் ஒரு மூலையில் எழுதிய உயிர்வகை, சண்டையில் உயிரைக் காக்கிறது. விகாரம் உயிர்வகையையும் மாற்றுமா என்பதை எழுதாமல் விட்டால், மேசையில் அரை மணி நேரம் வாதம் நிச்சயம்.

2. அடுக்கலும் அழித்தலும். 2003இல் வந்த மூன்றரைப் பதிப்பு ‘டெம்ப்ளேட்’ எனும் அச்சுவார்ப்புகளை இரண்டாகப் பிரித்தது: பிறப்போடு வருவது, பிற்பாடு வருவது. ஹாஃப் டிராகன் முதல் வகை. உயிரும் உடலும் உள்ள எதன் மேலும் அதை ஒட்டலாம். குதிரை ஹாஃப் டிராகனாகலாம், சிலந்தியும் ஆகலாம் (அந்தக் கல்யாணத்தை யாரும் விசாரிப்பதில்லை). பலம் 8 கூடும், உயிர்வகை டிராகனாகத் திரியும். ஈடாக அந்தப் பாத்திரம் மூன்று நிலை உயர்ந்ததாகக் கணக்கிடப்படும். இங்கே விலை எழுதப்பட்டிருக்கிறது. 2021இல் காட்டேரி வழியினர் போன்றோருக்காக வந்த ‘லினியேஜ்’ விதியோ வேறு வழியில் போனது: ஆட்டத்தின் நடுவே அதைப் பெறுபவர் பழைய இனத்தின் பண்புகளை இழப்பார், ஆனால் பறத்தல், நீந்தல், ஏறுதல் வேகங்களையும் இனத்தால் வந்த திறமைகளையும் வைத்துக்கொள்ளலாம். தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் ஒரே விதியில், எது எதற்கு என்ற தெளிவோடு.

3. பிள்ளைக்குப் போகுமா. மேலே கேட்ட முட்டை, விந்தணுக் கேள்வி இதுதான். அதே மூன்றரைப் பதிப்பில் ஓநாய் மனிதர் இரு வகை. பிறவி ஓநாய் மனிதரின் கடியால் நோய் பரவும். கடிபட்டு மாறியவரின் கடியால் பரவாது. வெள்ளியல்லாத ஆயுதங்களைத் தாங்கும் வலுவிலும் பிறவியருக்கு 10 என்றால் இவருக்கு 5. ஒரே உருவம், ஒரே ஊளை. ஒன்று இனம், மற்றொன்று விகாரம். நான் பார்த்தவரை இந்தக் கோட்டை இவ்வளவு சுருக்கமாக வரைந்த விதி வேறில்லை. ஷேடோரன் கதையில் 2021 ஏப்ரல் 30 அன்று உலகெங்கும் மனிதர்கள் பலர் ஒரே நாளில் ஓர்க்குகளாகவும் டிரோல்களாகவும் மாறுகிறார்கள், அது விகாரம். அவர்களுடைய பிள்ளைகள் ஓர்க்குகளாகவே பிறக்கிறார்கள், அது இனம். ஒரு தலைமுறை இடைவெளியில் விகாரம் இனமாகிவிட்டது.

4. நீக்கும் மருந்து. நோய் தீர்ப்பது, சாபம் நீக்குவது, விகாரம் கலைப்பது என்று ஆட்டத்தில் சிகிச்சைகள் பல. ஒவ்வொரு விகாரத்துக்கும் எது வேலை செய்யும் என்று எழுதவில்லையென்றால், ‘சாபநீக்கம் ஓதி என்னை எல்ஃபாக இல்லாமல் செய்யுங்கள்’ என்று கேட்கும் ஆட்டக்காரரை மறுக்க விதியில் இடமிருக்காது. கிராலின் பிறவிக்குறி போன்ற ஒரு வரி மேசை ஆட்டத்திலும் தேவைப்படுவது இதனால்தான்.

இனமே மாறும்போது

இதுவரை இனத்தை அசையாத கலமாக வைத்துப் பேசினோம். அதையும் உடைக்கும் ஒரு மந்திரம் பழைய பதிப்புகள் தொட்டு உண்டு. ‘ரீஇன்கார்னேட்’ எனும் அது செத்தவருக்குப் புதிய உடலைத் தருகிறது. என்ன உடல் என்பதைப் பகடை சொல்லும். 2014 விதிப்படி 1,000 பொன் மதிப்புள்ள அரிய தைலங்களும் களிம்புகளும் கரைய, நூறு முகப் பகடை உருண்டு, டுவார்ஃபாகச் செத்தவர் ஹாஃப்லிங்காகக் கண்விழிக்கலாம். பழைய நினைவும் கற்ற திறனும் தங்கும்; பழைய இனத்தின் பண்புகள் போய்ப் புதிய இனத்தின் பண்புகள் வரும். ஐந்தாவது அம்சமான வளர்ப்பை இனத்தோடு கட்டிவைத்த 2014 மூட்டை இங்கே மறுபடி இடித்தது: ஐம்பது வருடம் கோடரி பிடித்த கை, புதிய உடலில் கோடரியை மறந்துவிடும். 2024இல் கோடரிப் பழக்கம் இனத்திலிருந்து எடுக்கப்பட்டதால் இந்த அபத்தம் தானாகவே தீர்ந்தது.

தீராதது ஒன்று உண்டு. செத்தவருக்கு ஏற்கெனவே விகாரத்தால் கொம்பு முளைத்திருந்தால், புதிய உடலில் அது இருக்குமா? விதி பேசவில்லை. கட்டுரையின் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டால் தீர்ப்பு வரும். கொம்பு ஆட்டத்தின் நடுவே வந்தது. பழைய உடலில் தோன்றலாகச் சேர்ந்தது, எதையும் அழிக்கவில்லை. அது உடலில் உள்ள விகாரமாக இருந்தால், உடல் போனதோடு போய்விடும். புதிய நெற்றி வழவழப்பாக இருக்கும். ஆளைப் பற்றிய சாபத்தின் விளைவாக இருந்தால், சாபம் ஆளோடு வரும்; மறுநாள் காலை புதிய நெற்றியில் இரண்டு இடத்தில் அரிக்கத் தொடங்கும். ஆகவே கொம்பு முளைக்கும் நாளிலேயே, அது உடலோடு சேர்ந்ததா ஆளோடு சேர்ந்ததா என்பதைத் தாளில் அதன் பக்கத்தில் ஒரு சொல்லில் எழுதிவிடுவது, ஆட்டத்தை நடத்துபவருக்குப் பின்னால் வரும் வாதத்தை மிச்சப்படுத்தும்.